மெயின் சுவிட்சும் மேற்படிப்பும்

பெண்கள் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. உலகத்தில் உள்ள எல்லாப் பெண்களும் படிக்கட்டும். என் வீட்டில் இருப்பவள் மட்டும் கொஞ்சம் யோசிக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

இந்தக் கட்சியை வெளியே சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் என் வாய்தான். கம்ப்யூட்டர் படிக்க விரும்பும் பெண்களுக்கு உதவித்தொகை, வயது வரம்பு இல்லை என்று என் மனைவி வாசித்துக் காட்டியபோது மாடி வீட்டு அக்காவும் கூட இருந்தார். பெண்ணுரிமை பேச இதைவிட நல்ல சபை கிடைக்குமா? "தாராளமா அப்ளிகேஷன் போடு. வீட்டைப் பாத்துக்க நான் இருக்கேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். எப்படியும் கிடைக்காது என்கிற தைரியம்தான்.

நேர்முகத் தேர்வு வரை வந்துவிட்டாள்.

"கிடைச்சா தினமும் சாயங்காலம் கிளாஸ்ங்க."

"அப்போ ராத்திரிச் சாப்பாடு?"

"நான் இருக்கேன்னு நீங்கதானே சொன்னீங்க."

சாப்பாட்டைக் கூட விடுங்கள். நான் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். வீட்டில் ரிமோட் முதல் மோடம் வரை எது படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன். எழுந்துவிடும். "அப்பாவுக்குத் தெரியாததே இல்ல" என்பாள் மகள். இவள் படித்துவிட்டு வந்தால் என் வித்தையின் குட்டு உடைந்துவிடாதா? அந்தப் பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

தேர்வு நாள் வந்தது. வீட்டிலிருந்தே, லேப்டாப் வழியாகத்தான் பேச வேண்டும். நல்ல புடவை கட்டிக்கொண்டு அறையில் உட்கார்ந்தாள்.

"கையெல்லாம் சில்லுனு இருக்குங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே படிக்க ஆசைப்பட்டது. இதை விட்டா இனிமே இல்ல."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திட்டத்தைக் கைவிட்டுவிடலாமா என்று கூடத் தோன்றியது. அப்புறம் சமையலறைப் பக்கம் பார்த்தேன். மனசு கல்லானது.

"கவலையே படாதே. யாரும் தொந்தரவு பண்ணாம நான் வாசல்ல காவல் இருக்கேன்."

வாசலில்தான் மெயின் சுவிட்ச் இருக்கிறது. அதை இழுத்தால் மோடம் படுக்கும். மோடம் படுத்தால் தேர்வு படுக்கும். பழி மின்சார ஆபீஸ் மேல்.

உள்ளே அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். பூனை மாதிரி நடந்து போய்ப் பிடியில் கை வைத்தேன்.

"லைன் ஆஃப் பண்றேன்! எல்லாரும் கையை எடுங்க!"

அந்தக் குரல் என்னுடையதுதான். மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கடைசி ஆள் வரை கேட்கும்படி கத்திவிட்டுத்தான் எங்கள் தொழிற்சாலையில் மெயினைத் தொட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம். இது திருட்டு வேலை, கத்தக் கூடாது என்று என் தொண்டைக்கு யாரும் சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் கையும் மெயினை இழுத்துவிட்டது.

ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் அடங்கியது. அவள் குரல் மட்டும் நிற்கவில்லை.

"மன்னிக்கணும் மேடம். அது என் வீட்டுக்காரர். நீங்க கையை இறக்கிக்கலாம்."

எட்டிப் பார்த்தேன். திரையில் மூன்று பேர். மூன்று பேரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மேலே தூக்கி வைத்திருந்தார்கள்.

"கரண்ட் போயிடுச்சா? ஆனா நீங்க கட் ஆகலையே" என்றார் நடுவில் இருந்த அம்மாள்.

"லேப்டாப்ல சார்ஜ் இருக்கு மேடம். நெட் மாடி வீட்டு அக்காவோடது. காலையிலயே பாஸ்வேர்டு வாங்கி வெச்சுட்டேன்."

"கரண்ட் போகும்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டு நாளா இவர் மெயின் போர்டைத் தூசி தட்டிட்டு இருக்கார். இந்த வீட்டுல இவர் வேற எதையும் தூசி தட்டினதே இல்ல மேடம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்கே பழுது வரும்னு முன்கூட்டியே கண்டுபிடிச்சு, மாற்று ஏற்பாடும் பண்ணி வெச்சிருக்கீங்க. இதைத்தாம்மா நாங்க வருஷக்கணக்கா சொல்லிக் கொடுக்கறோம்."

உதவித்தொகை கிடைத்துவிட்டது. செய்தி வந்ததும் அவள் அழுதாள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அழுதேன். மறுநாள் தொழிற்சாலையில் ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். அவளோ மெயின் விஷயமாக ஒரு வார்த்தை திட்டவில்லை. நன்றாகத் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்போது சாயங்காலமானால் நான் வெங்காயம் நறுக்குகிறேன். நேற்று அவளுக்கு முதல் பரீட்சை, அதே அறையில், அதே லேப்டாப்பில். பட்ட அவமானம் போதும் என்று நானே முந்திக்கொண்டேன்.

"பரீட்சை முடியற வரைக்கும் நான் வெளியே எங்கயாவது போயிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க. நான் எழுத ஆரம்பிச்சதும் போன தடவை மாதிரியே கத்திட்டு மெயினை ஆஃப் பண்ணிடுங்க. உங்க கை ராசியான கை."