நூற்றுக்குப் பதினொன்று வாங்கிய வீடு

உரும்பிராய்,
புதன் காலை.

அன்புள்ள மருமகன் ஜெயதீபனுக்கு மாமா கனகரத்தினம் எழுதுவது. லண்டனில் நீ சுகமாயிருக்க எங்கள் பிள்ளையார் துணை. நாங்களும் நேற்றுப் பதினொரு மணி வரைக்கும் சுகமாகத்தான் இருந்தோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டுவிடாதே! போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

நாங்கள் குடியிருக்கிற உன் அம்மாவின் வீட்டை விருந்தினர் விடுதியாக்கி, இங்கேயே வந்து இருக்கப்போவதாகச் சொன்னாய். வீடு சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சான்றிதழ் கிடைத்தால்தான் சுற்றுலாக் கொம்பனி ஆட்களை அனுப்பும் என்றும், அதை மதிப்பிட்டு அறிக்கை எழுதத் தனுசியா என்ற பொறியியலாளர் பிள்ளை வருவா என்றும் சொன்னாய். வீட்டைப் பார்க்க ஆள் வருகுதென்றால் நான் சும்மா இருப்பேனா? பொம்பிளை பார்க்க வாறவைக்குச் செய்கிற மாதிரி ஆயத்தம் செய்தேன். சருகு கொட்டுது என்று முற்றத்து வேம்பைத் தறித்தேன், சேறாகுது என்று வாசல் படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் சீமெந்து போட்டேன், குளிக்கிற தண்ணியில் வளர்ந்த வாழைகள் அலங்கோலமாய்க் கிடக்கு என்று பிடுங்கி எறிந்துவிட்டு அந்தத் தண்ணியைக் குழாய் வைத்து வெளியே ஒழுங்கைக்கு விட்டேன், வேம்பு போக வீடு அடுப்பாய்க் கொதிக்க, அறைக்கு ஒரு ஏசியும் பூட்டினேன். நீ வந்து பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று உனக்கும் சொல்லவில்லை.

வந்த பிள்ளை கேட்டா, "ஐயா, மழைத்தண்ணி எங்கை போகுது?"

"ஒரு சொட்டும் வளவுக்குள்ளை நிக்காது பிள்ளை, நேரை றோட்டுக்கு!"

"நிழலுக்கு மரம்?"

"ஒண்டும் இல்லை. பாருங்கோ, ஒரு சருகு கிடக்கோ?"

அவ எழுத எழுத எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேல்லை. கடைசியிலை அறிக்கையைத் திருப்பிக் காட்டினா. நூற்றுக்குப் பதினொன்று! ஐயோ, எனக்குத் தலை விறைச்சுப் போச்சு. அந்தப் பதினொன்றும், மெஷின் இல்லாமல் மாமி கொடியிலை உடுப்புக் காயப்போட்டதுக்காம். அந்தக் கொடியை அவிழ்க்க நான் மறந்துபோனன். பிறகு, நீ விண்ணப்பத்தோடை அனுப்பின படத்தை நீட்டி, "இந்த வீடு எங்கை ஐயா? இதுக்கெண்டால் எண்பது போட்டிருப்பன்" எண்டா. வேம்பும் வாழையும் நிண்ட எங்கடை வீடுதான். "தெரியாது பிள்ளை, அது வேறை ஆரின்ரையோ வீடு" எண்டிட்டன். வெக்கத்திலை வந்த பொய்.

மாமி இரத்தினம்மா நேற்றிலிருந்து என்னோடை கதைக்கிறேல்லை. உன்ரை பிழைப்பிலை மண் அள்ளிப் போட்டது நான்தான் ராசா. இனி மூண்டு வருசம் கழிச்சுத்தான் திரும்ப மதிப்பிடுவினமாம். அதுவரைக்கும் அங்கேயே இரு.

நோய் நொடி உன்னை அண்டாமலும், வேலை உன்னை விட்டுப் போகாமலும் இருக்க வேண்டி நிற்கும்,
மாமா.

பி.கு.: முத்திரை ஒட்டிக்கொண்டிருக்க, படலையடியிலை வான் ஒண்டு வந்து நிண்டுது. நீதான் நாலு பெட்டியோடை இறங்கினாய். "வேலையை விட்டிட்டன் மாமா! சொல்லாமல் வந்தால் சந்தோசப்படுவியள் எண்டு நினைச்சன்" எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சாய். மாமி புட்டு அவிக்கிறா. நீ சாப்பிட்டு முடியட்டும், கடிதத்தைக் கையிலேயே தாறன்.