குடத்தோடு வந்த சம்பந்தி

அன்புள்ள தம்பி பகலவனுக்கு,

எது ஆண், எது பெண்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு நலம் விசாரிக்கிறேன். திருவொற்றியூரில் நானும், நீ வேலை மாறிப் போகும்போது என்னிடம் விட்டுச்சென்ற ஏஞ்சல் மீனும் சௌக்கியம். இந்த வகை மீனில் ஆண் பெண்ணை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது; 'ஆண்தான், கடைக்காரரே சொன்னார்' என்ற உன் சொல்லை நம்பி, நான் மாடி வீட்டுச் சொக்கம்மாளுக்குச் சம்பந்தியாகிவிட்டேன்.

அவர் காசிமேட்டில் மீன் விற்பவர். தன் தொட்டியில் தனியாக இருந்த ஏஞ்சல் மீனைக் குடத்தில் தூக்கிவந்து, "உம் புள்ளைக்கு எம் பொண்ண குட்த்துட்டேன் டீச்சர், கண்கலங்காம பாத்துக்கோ" என்று என் தொட்டியில் விட்டார். மீனுக்கு இமையே கிடையாது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நான் விலங்கியல் படித்தவள். அதனாலேயே இங்கே மீன் விஷயத்தில் யாரும் என்னைக் கேட்பதில்லை. இரண்டும் ஜோடி சேர்ந்து, முட்டையிட இடம் தேடி, ஃபில்டர் குழாயைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் வந்தது வினை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டுமாம். இன்று ஐந்து வகைச் சோற்றோடு இறங்கிவந்து, தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பச்சைக் கண்ணாடி வளையல்களைக் குழாயில் மாட்டி, பெண்ணை அனுப்பு என்கிறார். இந்த நேரத்தில் இடம் மாற்றினால் மிரண்டுபோய் முட்டையைத் தானே தின்றுவிடும் என்றேன்.

"துன்னுமா? பெத்தவ துன்னுவாளா? மாமியாக்காரி பேசற பேச்சா இது!"

ஆண் மீன் உடன் இல்லாவிட்டால் முட்டை பொரியாது என்றேன்.

"பிரசவத்துல ஆம்பளைக்கு இன்னா வேல? காலைல குடத்தோட வரேன், ரெடியா வை."

அனுப்பினால் குஞ்சு இல்லை, அனுப்பாவிட்டால் மாடி வீட்டு உறவு இல்லை. நீ மாப்பிள்ளை வீட்டு ஆள். உடனே கிளம்பி வந்து பேசு. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
கார்குழலி

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் மறுநாள் விடிந்துவிட்டது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சொக்கம்மாள் குடத்தோடு வந்தபோது, அவர் பெண் வளையல்களுக்குக் கீழே குழாயில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அது விலகியதும் நம் மாப்பிள்ளை முன்வந்து, பக்கத்திலேயே தானும் முட்டை போட்டார்.

"இன்னா டீச்சர், உம் புள்ளயும் பொண்ணா?" சொக்கம்மாள் குடத்தைக் கீழே வைத்தார். "அப்ப இதுக்கு இதான தாய் வூடு? எம் பொண்ணும் தொணைக்கு இங்கயே கெடக்கட்டும்."

மேலே போய் நீல வளையல்களோடு திரும்பி வந்தார், நம் பெண்ணுக்காம். இந்த முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முட்டைகளின் மேல் உரசிவிடக் கூடாதென்று, வளையல்களை வாங்கி நானே மாட்டினேன்.