இடதுகால் பூட்ஸும் எதிரிக் கேப்டனும்

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். போர் தொடங்கியதும் அரசாங்கம் அதையும் மூடிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, ஒரு சைக்கிள் கடையின் மாடியில் தணிக்கை அலுவலகம் திறந்தது. எதிரிக்குப் பயன்படக்கூடிய எதுவும் பத்திரிகைகளில் வராமல் காப்பது அதன் புனிதப் பணி. அங்கே கதைகளுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் கத்தரி என்று அழைத்தார்கள்.

கத்தரி கடமையில் கறார். கதையில் மழை பெய்தால் வெட்டிவிடுவார். எதிரி குடையோடு வந்துவிட்டால்? நிலா காய்ந்தாலும் வெட்டுதான். கதாநாயகன் ரயிலைப் பிடிக்க ஓடினால், இங்கே ரயில் ஓடுகிற விஷயம் வெளியாகிவிடும். ஆகவே ரயிலை வெட்டிவிடுவார். கதாநாயகன் சும்மா ஓடுவான்.

அவரிடம் வெட்டுப்படாமல் தப்பியது ஒரே ஒரு தொடர்கதை. எதிரி முகாமில் சலவைக்காரியாக நுழைந்த நம் உளவுப் பெண். அவள் யாரென்று தெரியாமலே அவளிடம் மனதைப் பறிகொடுத்த எதிரிக் கேப்டன். 'வல்லூறு' என்ற புனைபெயரில் யாரோ எழுதிவந்தார்கள். அந்தக் கதை மேஜைக்கு வந்தால் கத்தரி கோலைக் கீழே வைத்துவிடுவார். காதல் வரும் இடங்களை இரண்டு தரம் படிப்பார், மற்ற இடங்களைத் தாண்டிப் போவார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஆட்சேபணை இல்லை' என்று முத்திரை குத்துவார்.

அப்படிக் குத்திய ஓர் அத்தியாயம் வெளியான அன்று மேலதிகாரி அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"இதைப் படிங்க."

'நம் படைக்கு வந்த பூட்ஸ் அத்தனையும் இடதுகால். வலதுகால் வந்து சேரும்வரை ஆற்றை எப்படித் தாண்டுவார்கள்?' என்று உளவுப் பெண் தனக்குள் கலங்கினாள்.

"எழுத்து நல்லா இருக்கு சார்."

"நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டம்மாகூட அழுதாங்க. ஆனா பூட்ஸ் விஷயம் நிஜம். அமைச்சருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அந்த வல்லூறைப் பிடிச்சுக் கொண்டாங்க. தூக்குத்தான்."

பத்திரிகை ஆசிரியர் முகவரியைச் சொன்னார். கத்தரிக்கு அதை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. தெருமுனைவரை விறுவிறுவென்று நடந்த பிறகுதான், அது தன் வீடு என்பது உறைத்தது.

மனைவி போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வல்லூறு நீயா?"

"ஆமாங்க. இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"பூட்ஸ் விஷயம் உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான். சாப்பிடும்போது தலையில அடிச்சுக்கிட்டே சொன்னீங்க."

"பரம ரகசியம்னு சொல்லித்தானே சொன்னேன்."

"நானும் பரம ரகசியம்னு போட்டுத்தானே எழுதியிருக்கேன். உங்க முத்திரைகூட இருக்கு."

தவளை தன் வாயால் கெட்ட கதை. கத்தரி உட்கார்ந்து கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "போயும் போயும் எதிரியையா உன் உளவுப் பொண்ணுக்குப் பிடிக்கணும்?"

"அவ பேசினா அவன் காது கொடுத்துக் கேக்கறான்."

கத்தரி எழுந்துபோய்ப் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "எழுதினது நான்தான்னு நாளைக்குச் சொல்லிடறேன். உன் பேரு வராது."

"மடிப்பு கோணுது பாருங்க" என்றாள் அவள்.

மறுநாள் அவர் வாயைத் திறப்பதற்குள் மேலதிகாரி ஓடிவந்து கட்டிக்கொண்டார். எதிரியும் அந்தத் தொடர்கதையைப் படித்திருக்கிறான். இத்தனை கறாரான தணிக்கையைத் தாண்டி ஓர் உண்மை வெளியே வருமா? ஆகவே இது பச்சைப் பொய். பூட்ஸ் ஜோடி ஜோடியாக வந்திறங்கிவிட்டது என்று கணக்குப் போட்டு, ஆற்றங்கரையைக் காலிசெய்துவிட்டு ஓடிவிட்டான்.

"யாரோட திட்டம் இது?"

"என் மனைவியோடது, சார்."

"அப்படின்னா நம்ம துறையோடது."

உடனே அரசாணை பிறந்தது. இனி உண்மைகள் தொடர்கதையில் மட்டுமே இடம்பெற வேண்டும். அரசுச் செய்தி அறிக்கையில் கற்பனை மட்டுமே. அதிகாரிகள் தத்தம் ரகசியங்களை வீட்டில் தவறாமல் சொல்ல வேண்டும். கல்யாணமாகாதவர்கள் தேசநலன் கருதி விரைந்து பெண் பார்க்க வேண்டும்.

விஷயம் ஜனங்களுக்குப் புரிந்துபோயிற்று. செய்தி அறிக்கையைக் கடலை மடிக்கக் கொடுத்துவிட்டு, தொடர்கதையை நம்ப ஆரம்பித்தார்கள். ஓடிப்போன எதிரியும் பழையபடி ஆற்றங்கரைக்குத் திரும்பிவந்தான். கடைசியில் இரண்டு அரசாங்கங்களும் களைத்துப்போய் சமாதானம் அறிவித்தபோது ஒருவரும் அசையவில்லை. இரண்டு கரையிலும் சிப்பாய்கள் பதுங்குகுழியிலேயே உட்கார்ந்து, வாரப் பத்திரிகைக்குக் காத்திருந்தார்கள்.

மேலதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தரியின் வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, நீங்கதான் போரை முடிச்சுக் கொடுக்கணும்."

"முடிச்சுடலாம். ஆனா அவளுக்கும் கேப்டனுக்கும் கல்யாணம் ஆகணும்."

"எதிரியோடயா? சட்டத்துல இடமில்லையேம்மா."

"அப்ப சண்டை நடக்கட்டும்."

மேலதிகாரி கத்தரியைப் பார்த்தார்.

"அவ சொல்றது சரிதான் சார்" என்றார் கத்தரி.

அமைச்சரவை கூடி விசேஷ அனுமதி வழங்கியது. கல்யாண அத்தியாயம் வெளியானதும் சிப்பாய்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு, ஆற்றில் இறங்கி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நாடே மணமக்களை வாழ்த்தியது.

அடுத்த வாரம் வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்து இறங்கின. கத்தரி ஆசையோடு ஒவ்வொன்றாகப் பிரித்து மனைவிக்குப் படித்துக்காட்டினார். எல்லாவற்றிலும் ஒரே குறைதான்: கல்யாணத்துக்குப் பிறகு கதை சப்பென்று ஆகிவிட்டது, அடுத்த சண்டையை எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள்?

பாதிக் கடிதங்கள் அக்கரையிலிருந்து வந்திருந்தன.