செடிக்குப் போன இறால் ஐஸ்

மனைவி அழுதால் ஏன் என்று கேட்கிற ஆண்கள் ஒரு ரகம். காரணத்தைத் தாங்களே முடிவுசெய்துகொண்டு கடைக்குக் கிளம்புகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தில் போட்டி வைத்தால் கோப்பை எனக்குத்தான்.

பிரேமா கோத்தகிரிக்காரி. அம்பத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது பழகி, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். பழவேற்காட்டை ஒட்டிய என் ஊர் கோட்டைக்குப்பத்திலிருந்து தினமும் அவ்வளவு தூரம் அலைய முடியாமல் அவள் வேலையை விட்டாள். நான் விடியும் முன்னே பைக்கில் அனுப்பம்பட்டு போய் ரயில் பிடித்தால், இருட்டிய பிறகுதான் வீடு. கூட இருக்கும் என் அண்ணன் மீன்பிடிக்க ஏரிக்குப் போய்விடுவார். ஒருநாள் அவள் கொல்லையில் நின்று அழுவதைப் பார்த்துவிட்டேன். கையில் இருந்த போனில் அவள் பிறந்த வீட்டு வாசல் படம். வாசல் நிறைய வெள்ளை வெள்ளையாக உருண்டைப் பூக்கள். (போதாதா? துப்பு துலங்கிவிட்டது.)

அந்தப் பூவுக்கு ஹைட்ரேஞ்சியா என்று பெயராம். நர்சரிக்காரர் ஒரு செடியை நீட்டினார்.

“இலை மொழுமொழுன்னு இருக்குது பாரு சார், இந்த ரகம் வெயிலைக் கொஞ்சம் தாங்கும்” என்றார்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு மண் மணல், கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். கிழிந்த வலையை நாலாக மடித்து மேலே பந்தல் போட்டேன். காற்று படாமல் சுற்றிலும் சாக்கு கட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் டார்ச் அடித்து அதைத்தான் பார்ப்பேன். “வாடாம இருடா ராஜா” என்று கொஞ்சுவேன். பிரேமா பின்னால் வந்து நிற்பாள், ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பிறகு உள்ளே போய்விடுவாள். பூ வராத ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவழியாகப் பட்டாணி அளவில் மொட்டுக்கொத்து ஒன்று எட்டிப் பார்த்தது. உடனே மாமனாருக்குப் போன் போட்டு, “பூத்துக் குலுங்குது மாமா” என்று அளந்துவிட்டேன்.

“அப்படீங்களா? ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேனுங்க மாப்பிள்ளை. திரும்பறப்போ பிரேமாவையும் கொஞ்ச நாள் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றார் அவர்.

பிரேமா மறுபேச்சு பேசாமல் பெரிய பையை எடுத்தாள். அவள் அடுக்கிய துணிகள் கொஞ்ச நாளுக்கானவை அல்ல. ஸ்வெட்டர்கூட உள்ளே போனது. திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. செடி மட்டும் பூத்துவிட்டால் போகமாட்டாள் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்திரை வெயில் காலையிலேயே கொளுத்தியது. செடி தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. மலைச்செடி, குளிர்ச்சி கேட்கிறது என்று தோன்றியது. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு எதையும் கெடாமல் காப்பாற்ற ஒரே வழிதான் தெரியும். அண்ணனின் தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி வந்து, அதிலிருந்த ஐஸ் முழுவதையும் வேரைச் சுற்றிக் கொட்டினேன். மொட்டின் தலையிலும் ஒரு கை அள்ளி வைத்தேன். பெட்டியின் அடியில் கிடந்த பழைய மீன் செதில்களும் கூடவே வந்தன. அவற்றைத் தேடித் தெருப் பூனைகளும் வந்தன.

அன்று எங்கள் பாடு என்பதை அடியோடு மறந்திருந்தேன். இறால் நன்றாக விழும் இடங்களில் வலை கட்ட ஊரில் ஆளுக்கொரு முறை உண்டு. அந்த முறையைத்தான் பாடு என்போம். எப்போதோதான் வரும். அண்ணன் கூடை கூடையாக இறாலோடு சிரித்துக்கொண்டே வந்து பெட்டியைத் திறந்தார்.

“டேய், ஐஸ் இன்னாடா ஆச்சு?”

“செடி வாடிச்சுண்ணா... அதுக்குப் போட்டேன்.”

“செடிக்கா? அது இன்னா வஞ்சிரமாடா, ஐஸ்ல வெக்கறதுக்கு?”

மாமனார் ஆட்டோவிலிருந்து இறங்கியது அந்த நேரம் பார்த்துத்தான். வலைப் பந்தல், ஐஸில் புதைந்த செடி, சுற்றி உட்கார்ந்த பூனைகள், நடுவில் காலிப் பெட்டியோடு மாப்பிள்ளை. குனிந்து பார்த்தார்.

“இதுங்களா குலுங்குது? எங்கூர்ல ரோட்டோரமா கெடக்குதுங்க. மாடுகூடத் திங்காது” என்றார்.

ஐஸ் தேடி ஓடினேன். பழவேற்காடு முழுக்க விற்றுத் தீர்ந்திருந்தது. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியக்காதான் எட்டிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே குரல் கொடுத்தார்.

“வாங்கடி எல்லாரும், உரிச்சு அவிச்சுக் காயப்போட்டுடலாம். இன்னா கோத்தகிரி, நீ மட்டும் நின்னுனு கீற? வந்து குந்து.”

பிரேமா தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். முதல் இறாலைக் கூழாக்கினாள். கஸ்தூரியக்கா அவள் விரலைப் பிடித்து எங்கே கிள்ளவேண்டும் என்று காட்டினார். மாமனாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிரேமாவுடையது. அதைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் மாமனார், “கெளம்பலாமா?” என்றார்.

“இறால் காயட்டும்ப்பா. நாளைக்குத் திருப்பிப் போடணும்னு அக்கா சொல்லியிருக்காங்க.”

அவர் தனியாகவே ஊர் திரும்பினார். நான் மெதுவாக அவளிடம், “பூவுக்குத்தானே அன்னைக்கு அழுத?” என்று கேட்டேன்.

“பூவா? நாள் பூரா பேச ஒரு ஆள் இல்லையேன்னு அழுதேன். நீங்களும் வந்து அந்தச் செடிகிட்டதான் பேசினீங்க.”

வெட்கமாக இருந்தது.

செடி அந்த வாரமே போய்ச் சேர்ந்தது. அண்ணன் இன்றைக்கும் ஐஸ் கடையில் என்னைக் கண்டால், “இவனுக்குக் குடுக்காதே, தோட்டம் வெச்சிருக்கான்” என்பார். பிரேமாவோ தெருவுக்கே ‘கோத்தகிரி’ ஆகிவிட்டாள். ரயிலை விட்டு இறங்கி வந்தால் வீடு காலியாக இருக்கிறது. கஸ்தூரியக்கா வீட்டிலிருந்து குரல் மட்டும் வருகிறது. நேற்றும் நானே சோற்றைப் போட்டுக்கொண்டு, தனியாக உட்கார்ந்து, “நான் வந்துட்டேன்மா” என்று சத்தம் கொடுத்தேன்.

“வந்தா இன்னா? பேசினு கீறேன், தெரியல?” என்றாள் கோத்தகிரிக்காரி.