மயிலுக்குக் கிடைத்த பர்மிட்

மலேசியாவில் ஈப்போ நகரத்துச் சிலிபினில் ரேடியோ ரிப்பேர் பார்த்துவந்த ராமையா, 1984-ஆம் ஆண்டு பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயில் வாசலில் ஒரு மயிலைத் தோகை விரிக்க வைப்பது என்று முடிவு செய்தான். உயிருள்ள மயில் அல்ல. அறுபத்து நாலு பல்பு மயில். எந்தப் பல்பு எப்போது எரிய வேண்டும் என்று ஒரு சிப்புக்குள் எழுதிவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். எழுதுவதற்கு எட்டு சுவிட்சு வைத்த பெட்டி ஒன்றை அவனே செய்து, மூன்று மாதம் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து எண்களைக் கணக்குப் போட்டு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினான். அந்த மூன்று மாதமும் அவன் பெண்டாட்டி செல்லாயி தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். சும்மா நறுக்கவில்லை; கோப்பெங் தோட்டத்தில் வேலை செய்யும் தன் சொந்தபந்தங்களை எல்லாம் மயில் பார்க்க வரச்சொல்லிவிட்டாள். இரண்டு லோரி ஆள்! மயில் ஆடாவிட்டால் ராமையா இனி கோப்பெங் பக்கம் தலைகாட்ட முடியாது.

அலங்கார விளக்கென்றால் பர்மிட் வேண்டும் என்றார் கோயில் தலைவர் பத்துமலை. அலங்கார மின்னொளிக் கண்காணிப்புப் பிரிவின் அதிகாரி ஸ்கந்தராஜா, சிப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அதன் முதுகில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர்.

“இதை ஏன் ஒட்டி மறைச்சு வச்சிருக்கிறீர்?”

“அதுக்குக் கீழ கண்ணாடி ஜன்னல் இருக்குங்க ஐயா. வெயில் பட்டா உள்ள எழுதினது அழிஞ்சிரும்.”

“வெளிச்சத்துக்குப் பயப்பிடுற எழுத்தெண்டால், அது என்ன எழுத்து?”

நியாயமான கேள்விதானே! அதிகாரி ஸ்டிக்கரை உரித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஓர் எழுத்தும் தெரியவில்லை. ‘அறையில் வெளிச்சம் போதாமை’ என்று கோப்பில் குறித்துவிட்டு, சிப்பை வெளி மதில்மேல் வைத்து, காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை, பதினாலு நாள் முறைப்படி பரிசோதித்தார். மழை பெய்த நாளுக்கு ஈடாக இன்னொரு நாளும் சேர்த்துக்கொண்டார். கடமையில் ஒரு குறை சொல்லக்கூடாது பாருங்கள்.

பிறகு மூன்று முத்திரையோடு பர்மிட் வந்தது: ‘மேற்படி பொருளின் உள்ளடக்கம் தீர ஆராயப்பட்டது. ஆட்சேபத்துக்குரிய யாதொன்றும் அதனுள் காணப்படவில்லை.’

“இப்ப உள்ள ஒண்ணுமே இல்லையே ஐயா!”

“அதைத்தானே நாங்களும் எழுதியிருக்கிறம்.”

“நோட்டுல இருக்கு. திரும்ப ஏத்திக்கிறேன்.”

“ஏத்தினால் அது நாங்கள் பரிசோதிச்ச பொருள் இல்லை. புதுசா மனுப் போடும். பதினாலு நாள்.”

உத்திரத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவனைச் செல்லாயி விடவில்லை.

“ரெண்டு லோரி ஆளு பர்மிட்டையா பாக்க வாராங்க? பெட்டிய எடு. நான் நம்பர் வாசிக்கிறேன், நீ தட்டுலா.”

மூன்று நாள் சோறு வெந்ததோ இல்லையோ, சிப்பு நிரம்பியது.

உத்திரத்தன்று சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் மயில் ஒவ்வோர் இறகாக விரித்தது. லோரி ஆட்கள் அரோகரா போட்டார்கள். ராமையாவுக்குச் சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது. பாதித் தோகை விரிவதற்குள் பத்துமலை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“தம்பி, இது பர்மிட் வாங்குன மயிலா?”

ராமையாவுக்குப் பொய் வராது. “இது ஆடுற மயிலுண்ணே.”

“ஐயையோ, நிப்பாட்டுலா! ஸ்கந்தராஜா சார் வாராரு!”

மயில் இருண்டது. பத்துமலை பர்மிட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மயிலின் கழுத்தில் மாட்டி, அதற்கு மட்டும் ஒரு டியூப் லைட் பிடித்தார். ஸ்கந்தராஜா வந்து மூன்று முத்திரையையும் சரிபார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

லோரி ஆட்கள் வரிசையில் நின்று பர்மிட்டைப் பார்த்தார்கள். செல்லாயியின் மாமா மாயாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

“கவர்மெண்டே கையெழுத்துப் போட்டிருக்குலா! அடுத்த வருசம் நம்ம தோட்டத்துக் கோயிலுக்கும் ஒண்ணு செஞ்சி குடுங்க மாப்ள. ஆடலேன்னாலும் பரவால்ல, பர்மிட் இருக்கணும்.”

மறுவருசம் கோப்பெங் மயிலுக்குப் புதுச் சிப்பு வாங்கிய ராமையா, அதில் ஒன்றும் எழுதவில்லை. ஸ்டிக்கரும் ஒட்டாமல், வீட்டு வாசலிலேயே வெயிலில் வைத்தான். அதிகாரிக்கு வேலை மிச்சம்.