மேலே ஓட்டம், கீழே தட்டு

டொக்... டொக்... டொக்.

லிஃப்ட் மெக்கானிக் ட்ரெட்மில்லை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை வாயருகே கொண்டுபோனபோதுதான், காலுக்கடியில் அந்தச் சத்தம் கேட்டது. பாட்டில் பாதி வழியில் நின்றது. பக்கத்து அறையில் தையல் மிஷினும் நின்றது.

"கேட்டுச்சா?" மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கேட்டுச்சு."

"ஓனர் கைத்தடியால சீலிங்கைத் தட்டறார். போச்சு. இந்த வீடும் போச்சு."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. முந்தைய வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்ததே தையல் மிஷின் சத்தத்தால்தான். இங்கே வந்த பிறகுதான் தொழில் சூடுபிடித்திருக்கிறது. தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு இப்போது மனப்பாடம்.

கீழ்வீட்டில் இருக்கும் ஓனரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் பிரம்பால் மேசையைத் தட்டினால் பள்ளிக்கூடமே மூச்சை அடக்கும் என்பார்கள். சுவரில் ஓர் ஆணி அடித்ததற்காக மெக்கானிக்கை நிற்க வைத்துப் பாடம் எடுத்தவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வெளியே தலைகாட்டுவதில்லை. பிரம்பு இருந்த கையில் இப்போது கைத்தடி.

"நான் வேணா போய்ப் பேசிப் பாக்கட்டுமா?"

"ஒரு ஆணிக்கே அந்தப் பேச்சு. மெஷினுக்கு என்ன பேசுவாரோ! முதல்ல சத்தத்தைக் குறைக்கற வழியைப் பாருங்க."

மெக்கானிக் ஓட ஆரம்பித்தது ரோஷத்தில். வாழ்நாள் முழுக்க லிஃப்டிலேயே ஏறி இறங்கியவர், ஒருநாள் பழுதான லிஃப்டைப் பார்க்கப் படியேறிப் போய், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அந்தக் கட்டடத்துக்காரர்கள்தான் அவருக்கு விசிறிவிட்டார்கள். கூட வேலை செய்பவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க, அந்தச் சூட்டில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். தெருவில் ஓடினால் நாய்கள் பயிற்சி கொடுக்க வந்துவிடுகின்றன என்று, மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து இந்தப் பழைய ட்ரெட்மில்லை வாங்கி வந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே தத்துவ மழை.

"தூர ஓட்டம் மனுஷனுக்குப் பொறுமையைக் கத்துக்கொடுக்குது, தெரியுமா?"

"கீழ இருக்கறவருக்கும் சேர்த்துக் கத்துக்கொடுக்கச் சொல்லுங்க. ஆமா, நீங்க ஓடும்போதெல்லாம் சும்மா இருந்துட்டு, நின்னப்புறம் ஏன் தட்டறார்?"

"பட்டனை அமுக்கின உடனேயா லிஃப்ட் வருது? அவர் எழுந்திரிக்கணும், தடியைத் தேடணும். அதுக்குள்ள நான் நின்னுடறேன்."

விளக்கம் அவருக்கே பிடித்திருந்தது. வேலையில் இறங்கினார்.

ஓடுகிறவன் காலைப் பதிக்கும்போது, அவன் எடையைப் போல இரண்டு பங்குக்கும் மேலான விசை கீழே இறங்குகிறது. அது பலகையிலிருந்து மெஷினின் கால்களுக்கும், அங்கிருந்து கான்கிரீட் தளத்துக்கும் போகிறது. தளம் என்பது பெரிய மேளத்தின் தோல் மாதிரி. மேலே ஒருவன் அடித்தால், அடியில் இருப்பவருக்குத்தான் கச்சேரி. நடுவில் ரப்பரைக் கொடுத்தால் அது ஒவ்வொரு அடிக்கும் நசுங்கி எழுந்து, அதிர்வைத் தானே விழுங்கிவிடும்.

மெக்கானிக் வேலையிடத்தில் கழித்துப்போட்ட ரப்பர் கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து, மெஷினின் கால்களுக்கு அண்டக்கொடுத்தார். காலையில் ஓடிப் பார்த்தார். சத்தம் பாதிக்குப் பாதி அடங்கியிருந்தது.

டொக் டொக் டொக் டொக்!

இந்த முறை ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டு விழுந்தது. பலமும் கூடியிருந்தது.

"குறைச்சதுக்கே இப்படியா?" என்றாள் மனைவி.

"ஆபரேஷன் கால்லதானே பண்ணாங்க? காதுக்கும் சேர்த்துப் பண்ணிட்டாங்களோ!"

அடுத்து, மெஷினைப் பின்னறைச் சுவரோரத்துக்கு நகர்த்தினார். சுவரோரம் தளத்தின் அதிர்வு குறைவு. மேளத்தோலின் விளிம்பைக் கட்டு இறுக்கிப் பிடித்திருப்பதுபோல, அங்கே தளத்தைச் சுவர் பிடித்திருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால், ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கீழே தட்டும் சத்தம் முன்னறையிலிருந்து புறப்பட்டு, நடையைக் கடந்து, சரியாக அவர் காலுக்கடியில் வந்து நின்றது.

டொக் டொக் டொக்!

"துரத்திக்கிட்டு வர்றாருங்க!" மனைவி தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் ஷூவைக் கழற்றினார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சாக்ஸ் போட்டுக்கொண்டு, திருடன் மாதிரி நுனிக்காலில் ஓடினார். நுனிக்காலில் ஓடினால் அதிர்ச்சியைக் கெண்டைக்கால் வாங்கிக்கொள்ளும், சத்தம் வராது. வாங்கிக்கொண்ட கெண்டைக்கால் சும்மா இருக்குமா? சுருட்டிப் பிடித்து இழுத்தது. "அய்யோ" என்று கத்தக்கூட வழியில்லாமல் துண்டைக் கடித்துக்கொண்டு நொண்டினார். கீழேயிருந்து தட்டு இடைவெளியே இல்லாமல் வந்தது.

"வலியோட இருக்கப் பழகறதும் ஒரு பாடம்தான்" என்றார் பல்லைக் கடித்தபடி.

"வீட்டோட இருக்கப் பழகுங்க. அது போதும்." தைலத்தை அழுத்தித் தேய்த்தாள் மனைவி.

"தனியா ஓடறதுதான் கஷ்டம். பெரிய போட்டியில வேகம் காட்டறதுக்குன்னே ஒருத்தர் ஒரே சீரா முன்னாடி ஓடுவார். அவர் காலடிச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டா போதும், நம்ம கால் தானாப் போகும். எனக்கு அப்படி யார் இருக்கா?"

"நம்மள வெளிய அனுப்பறதுக்குக் கீழ ஒருத்தர் இருக்கார். இந்த வாடிக்கையெல்லாம் விட்டுட்டு இன்னொரு தெருவுல போய் முதல்லேர்ந்து ஆரம்பிக்க என்னால முடியாதுங்க."

அதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. மெக்கானிக் அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். எழுந்து நொண்டிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"ஏறக்கட்டியாச்சு. எங்க நிறுத்தணும்னு தெரியறதும் ஒரு பாடம்தான்."

மறுநாள் காலை வீடு அமைதியாக இருந்தது. ட்ரெட்மில்லின் கைப்பிடியில் தைத்து முடித்த ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. மனைவி தையல் மிஷினைக்கூடத் தொடவில்லை. இருவரும் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டொக். டொக் டொக். டொக் டொக் டொக் டொக்!

முன்னறை, நடை, பின்னறை, மறுபடியும் முன்னறை.

"என்னங்க, நாம மூச்சு விடறதும் கேக்குதா?"

அவர் பதில் சொல்வதற்குள் மாடிப்படியிலிருந்து ஓனரம்மாவின் குரல் வந்தது. "தம்பி! ரெண்டு பேரும் கொஞ்சம் கீழ வந்துட்டுப் போங்க. அவர் ஒரு நிலையில இல்ல."

மனைவி படியிறங்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழ்வீட்டு ஹாலில் நாற்காலி, மேசை எல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் ஓனர் கைத்தடியைச் சீலிங்கை நோக்கி ஓங்கியபடி நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, காலில் புத்தம்புது ஷூ போட்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. சீலிங்கில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்.

"என்ன இது?" என்று கேட்டு, தடியால் மேலே காட்டினார்.

மெக்கானிக்கின் கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. "சார், மெஷினை ஏறக்கட்டிட்டேன். இனிமே சத்தியமா சத்தம் வராது, சார்."

"வராதா?" ஓனரின் முகம் தொங்கிப்போனது. தடி மெல்லக் கீழே இறங்கியது.

"வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க, சார்." மனைவி கைகூப்பினாள்.

ஓனரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"காலி பண்ணவா? நல்லா இருக்கு! டாக்டர் நடக்கச் சொல்லி மாசக்கணக்கா அசையாத மனுஷன், உங்க வீட்டுக்காரர் காலடிச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுதாம்மா நடக்கவே ஆரம்பிச்சார். வாயைத் திறந்து கேக்கறதுக்குக் கௌரவம் விடல. இத்தனை நாளும் இவர் தட்டினது ‘நிறுத்து’ன்னு இல்லம்மா, ‘நிறுத்தாதே’ன்னு!"