ஈரத்துணியை அவிழ்த்த கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் இது ஏன் இப்படி இருக்கிறது என்று தோன்றும். (தோன்றினால் பரவாயில்லை. பதில் வருவதற்குள் கை வைத்துவிடுவேன்.)

சங்கரன்கோவிலில் என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், எட்டு விசைத்தறி ஓட்டுகிறார். தறிக்கூடத்தில் ஈரம் குறைந்தால் நூல் அறும். கூடினால் துணியில் பூஞ்சை, ஆட்களுக்குப் புழுக்கம். செல்போனில் நாலு வீடியோ பார்த்த தகுதியில், கரண்ட் இல்லாமல் காற்றிலேயே சுற்றும் உருண்டைக் காற்றாடிகளைக் கூரையில் மாட்டச் சொன்னவன் நான். அடியில் மூடி உண்டு. கயிற்றை இழுத்து வேண்டிய அளவு திறக்கலாம்.

அத்தான் தென்காசிக்குப் போன அன்று கயிறு என் கைக்கு வந்தது. ஆடித்தபசு விற்பனைக்கான கடைசி எட்டுச் சேலை சாயங்காலம் வண்டி ஏறவேண்டும். தவறினால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

சுவரில் ஈரமானி. ஒரே பலகையில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்றின் அடியில் யாரோ ஈரத்துணியைச் சுற்றி, நுனியைத் தண்ணீர்ச் சிமிழில் விட்டிருந்தார்கள். அது ஆறு டிகிரி குறைவாகக் காட்டியது. பின்னே காட்டாதா, என்று துணியை அவிழ்த்துத் துடைத்து வைத்தேன். சற்று நேரத்தில் இரண்டும் ஒரே அளவு. ரிப்பேர் பண்ணிவிட்ட பெருமையோடு பக்கத்து அட்டவணையைப் பார்த்தால், வித்தியாசம் பூஜ்யம் என்றால் ஈரம் நூறு சதவீதமாம். பதறிப்போய் எல்லா மூடிகளையும் திறந்து, நீர் தெளிக்கும் மிஷினையும் நிறுத்தினேன்.

ஆடிக்காற்றில் காற்றாடிகள் பேயாய்ச் சுற்றி உள்ளிருந்த ஈரத்தை உறிஞ்ச, ஜன்னல் வழியே வறண்ட காற்று புகுந்தது. ஒரு தறி நின்றது. பிறகு மூன்று. அறுந்த இழைகளை முடிந்து முடிந்து ஓய்ந்த, தறி ஓட்டும் மாடத்தியக்கா நிமிர்ந்தார்.

"தம்பி, இழை அப்பளம் கணக்கா நொறுங்குது. மேல என்னத்தத் தொறந்து விட்டிய?"

"ஈரம் நூறு சதவீதம்க்கா. மீட்டர் சொல்லுது."

"அப்ப அந்த மீட்டரையே நெய்யச் சொல்லுங்க."

அத்தான் வந்தபோது ஏழு தறி நின்றிருந்தது. அவர் ஈரமானியைத்தான் முதலில் பார்த்தார்.

"மாப்ளே, அந்தத் துணி எங்கடே?"

மடித்து என் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நனைத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: துணியிலிருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது குளிருமாம், காற்று வறள வறள இன்னும் குளிருமாம், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஈரத்தைக் கண்டுபிடிப்பார்களாம். எனக்கு ஒரே ஆச்சரியம். அப்படியானால் மழைநாளில் என்ன காட்டும் என்று கேட்டேன். (கேட்கிற நேரமா அது?)

ஐந்து சேலைதான் வண்டி ஏறியது. அடுத்த ஆர்டர் வேறொரு தறிக்காரருக்குப் போனது. அத்தானுக்கு அந்தக் கடையைத் திரும்பப் பிடிக்க ஒரு வருடம் ஆயிற்று.

போன மாதம் அக்கா மகளுக்குக் காய்ச்சல். பார்க்கப் போனேன். நான் படியேறும்போதே உள்ளே அக்காவின் குரல்:

"ஏட்டி, உங்க மாமன் வாரான். நெத்தித் துணிய கெட்டியாப் பிடிச்சுக்கோ."